காரணம் எழுதாமல் தள்ள முடியாது

அந்தத் தளம் நாலாவது தடவையாக வரிசையில் வந்து நின்றது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. தள்ளிவிட்ட தளங்கள் திருத்திக்கொண்டு திரும்ப வருவது வாடிக்கைதான். குந்தவையின் கை நின்றது வேறொன்றைப் பார்த்து. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் மூன்று தடவையும் காலியாகக் கிடந்தது. இந்தத் தடவை அங்கே 'நன்றி' என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

மருதம் வலை அடைவு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தமிழ் இணையதளங்களை ஊர் வாரியாக, தொழில் வாரியாக மனிதர்களே திறந்து பார்த்துப் பட்டியல் போடுகிற இடம் அது. தேடினால் எல்லாம் வந்து கொட்டுகிற காலத்தில் இது எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. மஸ்கட்டில் இருக்கும் அவள் புருஷன் சேரன் போன் பண்ணும்போதெல்லாம் கேட்பான். சம்பளம் கிடையாது, ஒரு டீக்குக்கூட வழி கிடையாது. ஆனாலும் கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவளுக்கு, தன் பெயரில் ஒரு பொறுப்பு இருப்பது பிடித்திருந்தது. பூதலூர் வட்டாரம் அவளுடையது. ரைஸ்மில்லோ விதைக்கடையோ சிமெண்ட் ஏஜென்சியோ, யார் தளம் கொடுத்தாலும் அவள்தான் பார்ப்பாள். சொந்தச் சரக்கா, எங்கிருந்தாவது சுட்டதா, பாதியில் நிற்கிற வேலையா என்று பார்த்து, தேறினால் ஒரு வரி விவரம் எழுதிச் சேர்ப்பாள். தேறாவிட்டால் தள்ளுவாள்.

தள்ளுவதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பொத்தான் அமுங்காது. மற்ற பொறுப்பாளர்கள் ஒரு விதி எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண்ணுக்குரிய வாசகம் அனுப்பியவருக்குத் தானாகப் போய்ச் சேரும். குந்தவைக்கு அது மொட்டையாகப் பட்டது. பாவம், யாரோ கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்கள், என்ன குறை என்று சொன்னால்தானே சரி செய்வார்கள் என்று தன் கையாலேயே விளக்கமாக எழுதுவாள். எல்லாருக்கும் மேலே இருந்த திருவாரூர் அப்துல் ஹமீது பாய் பலமுறை சொல்லிவிட்டார்.

"ஏம்மா, நீ இது இல்ல அது இல்லன்னு எழுதுற. கண்டவனும் அத அப்படியே சேத்துக்கிட்டுத் திரும்ப வர்றான். நம்பரைப் போட்டுட்டுப் போவியா..."

இந்தத் தளமும் அப்படித்தான் வளர்ந்தது. 'வீடு' என்று பெயர். முதல் தடவை, சிவப்புத் தரை போட்ட காலி அறையின் படம் ஒன்று, அவ்வளவுதான். 'எந்த ஊர் வீடு என்று இல்லை' என்று எழுதித் தள்ளினாள். மறுவாரம் பூதலூர் என்று போட்டு, பின்னால் சம்பா வயலும் ரயில் பாதையும் தெரிய ஒரு படத்தோடு வந்தது. 'மற்ற அறைகளைக் காணோம்' என்று எழுதினாள். அறைகள் வந்தன. எல்லாம் காலி அறைகள். பார்த்த மாதிரிதான் இருந்தது. பூதலூரில் அவள் இருந்த தெருவில் ஒன்பது வீடுகளை ஒரே மேஸ்திரி ஒரே அச்சில் கட்டியிருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை அவள் எழுதியது அவளுக்கு இப்போதும் நன்றாக ஞாபகமிருந்தது.

'வீட்டில் யாரையும் காணோம். வசிப்பவர் யார் என்று சேர்க்கவும்.'

ஐப்பசி அடைமழை. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டிருந்தார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சாத்திய ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. வாய்க்கால் பக்கத்தில் தவளைகள் மூச்சு விடாமல் கத்தின. ஆறு வயது வானதி காய்ச்சலில் உள்ளறைப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் அனத்திய பிள்ளை இப்போதுதான் அசந்திருந்தது. குந்தவை மவுஸை நகர்த்தித் தளத்தைத் திறந்தாள்.

அறைகள் இப்போது காலியாக இல்லை.

சமையல்கட்டு. சிங்க்கில் கழுவாத பால் சட்டி. காலையில் பால் பொங்கி வழிந்த சட்டி. கூடம். ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில் வானதி பச்சைக் கிரேயானால் கிறுக்கிய ரயில். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பெட்டி எண்ணிக்கைகூட மாறவில்லை. மேலே 'வசிப்பவர்' என்று புதிதாக ஒரு பக்கம் இருந்தது. அதை அழுத்தாமல் இருந்திருக்கலாம். பெற்ற வயிறு விடுமா?

பாயில் வானதி. நீலப் போர்வை, அதற்கு வெளியே ஒரு கால், தலையணை ஓரத்தில் தெர்மாமீட்டர். அந்தத் தெர்மாமீட்டரை அவள் அங்கே வைத்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. படம் மேலே இருந்து எடுத்தது. உள்ளறைப் பரண் இருக்கிற உயரத்தில் இருந்து.

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்குப் போனாள். பிள்ளை அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது, மூச்சுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. பரணில் பித்தளை அண்டா, பழைய மெத்தை, சேரன் கட்டிப்போட்ட அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால் இருட்டு. ஒன்றும் அசையவில்லை. ஆனால் தொட்டியில் நாள் கணக்காக ஊறிப்போன நெல்லின் வாடை அறை முழுக்க அடித்தது. அந்த வீட்டில் நெல்லை ஊறவைத்தே பல வருஷம் ஆகிறது.

எவனோ போனை ஹேக் பண்ணியிருக்கிறான், அதுதான், வேறென்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஹமீது பாயை அழைத்தாள்.

"பாய், என் வரிசையில 'வீடு'ன்னு ஒண்ணு நிக்குது. திறந்து பாருங்க."

அவர் பார்க்கிற நேரம் வரைக்கும் மழைச் சத்தம்தான் கேட்டது.

"சின்னப்புள்ள படுத்திருக்கு. யாரும்மா இது?"

"என் பொண்ணு. இது என் வீடு. இப்ப எடுத்த படம் பாய்."

"இப்பவா..." அவர் குரல் இறங்கியது. "நீ அதத் தொடாத. சொந்த வீட்டு விஷயத்த நீ பாக்கவே கூடாது, விதி இருக்கு. நானே தள்ளிடுறேன்."

"அழிக்க முடியாதா?"

"தள்ளினாத்தான் அழிக்க முடியும். தள்ளிட்டு அழிச்சுடுறேன், இரு." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஏழு போட்டாச்சு. போயிடுச்சு."

அவளுக்கு மூச்சு வந்தது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். பிறகுதான் உறைத்தது.

"பாய், ஏழா போட்டீங்க?"

"ஆமா. சொந்த விஷயம்னா ஏழுதானே."

"அது பழைய வரிசை. போன மாசம் கூட்டத்துல மாத்தினோமே. அது இப்ப நாலு."

"அட, ஆமாம்ல. மறந்தே போச்சு. அப்ப ஏழு என்னது?"

ஏழாவது வாசகத்தைத் திருத்தி எழுதியவளே அவள்தான். 'நடத்துபவர் யார் என்று தெரியவில்லை. அவரைக் காட்டவும்.'

பரணில் அண்டா நகர்ந்தது.

லேசாகத்தான். தரையில் தேங்காய் உருட்டுகிற அளவு சத்தம். அதே நொடியில் கரண்ட் போனது. கூடத்து விளக்கு, மின்விசிறி, எல்லாம் நின்றன. ஜன்னல் சாத்திய உள்ளறை கன்னங்கரேல் என்று ஆனது. மேலிருந்து ஈரமாக ஏதோ ஒன்று தரையில் இறங்கியது. மெதுவாக. ஒரு கால். இன்னொரு கால்.

குந்தவை யோசிக்கவில்லை. பாய்ந்தாள். முட்டி தரையில் இடித்தது. கை துழாவியது. போர்வை. போர்வைக்குள் பிள்ளை. வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கூடம். நாற்காலி தட்டி விழுந்தது. வாசல் தாழ்ப்பாள். ஒரு கையால் இழுத்தாள். வரவில்லை. இழுத்தாள். வந்தது.

மழை. தெரு. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போர்வை நனையாமல் இருக்கப் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். சின்னக் கைகள் இரண்டும் அவள் கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. கைகள் சில்லென்று இருந்தன. காய்ச்சல் விட்டுவிட்டது, மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. நாலாவது வீட்டில் தங்கமணி அக்கா இருப்பாள், அங்கே ஓடிவிட வேண்டியதுதான். கையில் இன்னும் போன் இருந்தது, அதில் பாய் கத்திக்கொண்டிருந்தார்.

"குந்தவை... குந்தவை, இருக்கியா?"

"வெளிய வந்துட்டேன் பாய். புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"அழிக்கப் பாத்தேன். அதுக்குள்ள திரும்ப வந்துடுச்சும்மா."

"மூடிடுங்க. பாக்காதீங்க."

"நடத்துபவர்னு ஒரு பக்கம் சேத்திருக்கு." அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உன் படம்தான். கேட்டைப் புடிச்சுக்கிட்டு மழையில நிக்கிற. தோள்ல போர்வை."

"ஆமா. வானதி."

போனில் மறுபடி கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"பாய்?"

"வசிப்பவர் பக்கமும் இப்பத்தான் மாறுச்சு." அவருக்கு மூச்சு வாங்கியது. "புள்ள பாயிலதாம்மா இருக்கு. எந்திரிச்சு உக்காந்திருக்கு. போர்வையைக் காணாமத் தேடுது."

மழை ஓயவில்லை. குந்தவை திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தைச் சுற்றிக் கோத்திருந்த விரல்கள் அவள் முதுகுத்தண்டின் பாதி வரைக்கும் நீண்டு கிடந்ததை இப்போதுதான் அவள் உடம்பு உணர்ந்தது.

திறந்த வாசலுக்குள்ளிருந்து, இருட்டிலிருந்து, தூக்கம் கலைந்த குரல் கூப்பிட்டது.

"அம்மா..."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தோளில் இருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. வீட்டுப் பக்கம் திரும்பியது. குந்தவையின் குரலில், குந்தவை தினமும் சொல்கிற அதே கொஞ்சலில், அது பதில் சொன்னது.

"இதோ வந்துட்டேன்டா தங்கம்."