துடிப்பை எண்ணும் வேலை

ஆராய்ச்சி நிலைய வாசலில் காவலர் அவளிடம் பெயர் கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதில் அவளுடைய படம். கீழே "ஆய்வக உதவியாளர்" என்று அச்சடித்திருந்தது.

"அண்ணா, நான் இன்டர்வியூக்கே இப்பதான் வந்திருக்கேன்."

"மேலேருந்து குடுத்தாங்க, வச்சிருந்தேன். மூணாவது மாடி."

படியேறிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அதுலயும் சந்தேகமா உனக்கு?" என்றாள் அக்கா. "அனுபவம் இல்லைன்னு ரெண்டு லேப்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க கார்டே அடிச்சு வச்சிருக்காங்க. நோண்டி நோண்டிக் கேக்காம வேலையை வாங்கிட்டு வா."

பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாக அக்காவின் உழைப்பில் சாப்பிடுகிறவளுக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

மூன்றாவது மாடியில், பிற்பகல் வெயில் தரையில் நீளமாய்க் கிடக்க, இரு பக்கமும் பூட்டிய கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் வெள்ளை அங்கிகள் ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. குளிர்பெட்டிகளின் உறுமல் செருப்பு வழியே உள்ளங்காலில் ஏறியது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில் வேறொரு வாடை, தூங்கி எழுந்தவரின் படுக்கையில் இருக்குமே அந்த வெதுவெதுப்பான வாடை, கூடவே வந்தது. ஆள் அரவமே இல்லை.

கடைசி அறையில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், அதிராத குரல். பக்கத்தில் கையுறை போட்ட ஆராய்ச்சி மாணவன் ஒருவன் நோட்டும் பேனாவுமாக நின்றான். அவள் சான்றிதழ்களை எடுத்து வைத்தாள். அவர் கோப்பைத் திறக்காமலே ஓரமாக நகர்த்தினார்.

"படியேறினா மூச்சு வாங்குமாம்மா?"

"இல்ல சார்."

"திடீர்னு சத்தம் கேட்டா பதறுவீங்களா?"

"கொஞ்சம்."

மாணவன் எழுதிக்கொண்டான். பிப்பெட் பிடிக்கத் தெரியுமா, கரைசல் கலக்கத் தெரியுமா என்றெல்லாம் விடிய விடியப் படித்துவிட்டு வந்திருந்தாள். அதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. இது என்ன இன்டர்வியூ என்று உள்ளுக்குள் உறுத்தியது. அக்காவை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"சரி, வேலையைக் காட்டிடுவோம்," என்றார் பேராசிரியர்.

சுவரோரம் இருந்த வெப்பப் பெட்டியிலிருந்து மாணவன் உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை எடுத்துவந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தான். தட்டில் இளஞ்சிவப்புத் திரவம். திரையில் சாம்பல் நிறமாக, பாலாடை போல மெல்லிய ஏடு ஒன்று தெரிந்தது. சுருங்கியது, விரிந்தது. இதய செல்கள் தட்டில் வளர்த்தாலும் தாமாகத் துடிக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. ஒரு கணம் எல்லாம் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை."

எண்ணினாள். எழுபத்தெட்டு.

"இது எதோட செல் சார், எலியா?"

மாணவனின் பேனா நின்றது. அவளுக்கு நெஞ்சு லேசாகப் படபடத்தது.

திரையிலும் வேகம் கூடியது.

மேசைக்கு அடியில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரலில் ஒரு துடிப்பு. திரையில் ஒன்று. விரலில். திரையில். இடையில் இம்மியும் பிசகவில்லை. மூச்சை இழுத்து மெல்ல மெல்ல விட்டாள். விரலுக்கடியில் துடிப்பு தணிந்தது. ஏடும் தணிந்தது.

"முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க எங்க சார்?"

"நல்லாத்தான் இருக்காங்க. காலையிலகூடப் பார்த்தேனே." அவர் பார்வை வெப்பப் பெட்டியின் மேல் போய் நின்றது.

அவள் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. ஏடு துள்ளியது.

"எனக்கு இந்த வேலை வேணாம் சார்."

கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அதுக்கென்னம்மா. போயிட்டு வாங்க."

யாரும் மறிக்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடியில் கை வைத்தாள்.

பின்னால் சளக்கென்று ஒரு சத்தம். உறிஞ்சும் சத்தம்.

நாக்கு வறண்டது.

திரும்பினாள். மாணவன் தட்டின் மேல் குனிந்து பிப்பெட்டால் அந்தத் திரவத்தை எடுத்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. எடுத்தான். பக்கத்தில் இருந்த கைகழுவும் தொட்டியில் விட்டான். மறுபடி எடுத்தான்.

உதடு ஒட்டிக்கொண்டது. கண் எரிந்தது. கைப்பிடியில் இருந்த விரல்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

"வேணாம்," என்றாள். காற்றுதான் வந்தது.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு. முப்பத்தொன்று.

திரையில் ஏட்டின் ஓரங்கள் காய்ந்து உள்நோக்கிச் சுருண்டன. நடுவில் ஓரிடம் மட்டும் இன்னும் துடித்தது. பிப்பெட்டின் முனை அந்த இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது.