அவன் மீதி வைத்த ஒயின்

"சிவப்பு ஒயின்ல ஐஸா?"

கடைக்காரன் கேட்ட தொனியில் பத்திரிகைக்காரி கூசிப்போனாள். மழைக்கு ஒதுங்கிய இடம் ஒயின் கடையாக இருந்தது அவள் குற்றமா? ஆற்றுக்கு அக்கரையில் அவள் நாட்டில் ஐஸ் போடாமல் யார் குடிக்கிறார்கள்?

"எங்க பக்கம் அப்படித்தான். மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டுல சோடாவே ஊத்துறாங்க, தெரியுமா?"

"பாவம் அந்த ஒயினு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"நானே போய்ப் பார்த்தேன். மூணு நாட்டுலயும் எப்படிக் குடிக்கிறாங்கன்னு எழுதுறதுதான் என் வேலை."

"எங்களைப் பத்தி என்ன எழுதுவீங்க?"

"கோப்பைக்குள்ள மூக்கை விட்டு மோப்பம் பிடிக்கிறாங்கன்னு..."

அவன் சிரித்துவிட்டான். அந்தக் கண்கள்... முதலில் அவைதான் சிரித்தன, உதடு அப்புறம்தான். மழை விட்டும் இவளுக்குக் கிளம்ப மனமில்லை. அதன்பிறகு கட்டுரையைச் சாக்காக வைத்து எத்தனை முறை பாலம் தாண்டி வந்தாள்... பிடித்திருக்கிறது என்று மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொல்லவேயில்லை. பெரியவர்கள் பார்த்துப் பேசட்டும் என்று அவன் வீட்டில் ஒரு நாள் மதிய விருந்து ஏற்பாடானது. அவன் பக்கம் அம்மா, இவள் பக்கம் அண்ணன்.

வந்தது வினை. அவன் நாட்டில், சம்பந்தம் பேசும் மேசையில் முதல் கோப்பையைச் சொட்டு விடாமல் குடித்தால் சம்மதம். மீதி வைத்தால் வேண்டாம் என்று பொருள். இவள் நாட்டிலோ நேர் எதிர். பாதி வைத்தால் 'இன்னும் இருக்க ஆசை', காலி செய்தால் 'நான் கிளம்புகிறேன்'.

ஊரூராக இதையே விசாரித்தவளுக்குத் தெரியாதா? அவன் முறைப்படியே சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் கோப்பையில் பாதி அப்படியே இருந்தது.

அப்படியென்றால் வேண்டாம் என்கிறானா? அவன் முகமும் ஏனோ செத்துக் கிடந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்றார் மகனிடம், அடிக்குரலில்.

இனி அங்கே உட்கார இவளுக்கு என்ன வேலை? அண்ணன் எழுந்து கைகூப்பினான். "மன்னிச்சுக்குங்கம்மா. குட்டி, வா போலாம்."

தெருவில் தூறல். அழக் கூடாது, ஒரு சொட்டுக்கூட அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

"வேண்டாம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றான் அண்ணன்.

"நான் எங்கண்ணா வேண்டாம்னேன்?"

"கோப்பையை மொத்தமா காலி பண்ணினியே."

"அது அவங்க வழக்கம். அவருக்காகத்தான்..."

பேச்சு பாதியில் நின்றது. அவருக்காக நான் செய்தேன் என்றால்... அவர்? வந்த வழியே திரும்பி ஓடினாள்.

அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"யார் வழக்கப்படி பாதி வச்சீங்க?" மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்ன உங்க வழக்கப்படிதான். நீங்கதான் காலி பண்ணிட்டுக் கிளம்பிட்டீங்களே..."

"நான் உங்க வழக்கப்படி குடிச்சேன்."

அவன் அப்படியே கதவில் சாய்ந்துவிட்டான். "நல்லா ஜோடி சேர்ந்தீங்க போங்க" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நீங்க படி இறங்கினப்ப என் உயிரே இறங்கிப் போச்சு" என்றான் அவன். "இனிமே ஜாடையெல்லாம் எனக்கு வேண்டாம். உங்களைப் பார்த்த நாள்லேர்ந்து உங்க நினைப்புத்தான். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

கண்ணில் நீர் முட்ட அவள் தலையாட்டினாள்.

"ம்ஹூம். தலையாட்டினா உங்க நாட்டுல என்ன அர்த்தமோ, யார் கண்டா? வாயைத் திறந்து சொல்லுங்க."

"கட்டிக்கிறேன்" என்றாள், தெருமுனையில் நின்ற அண்ணனுக்கும் கேட்கும்படி.