மீதி ரெண்டு ரக்அத்து

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் யாரோ எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அவள் முறைப்படி முதலில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினாள், சுவர். பிறகு இடப்பக்கம் திருப்பினாள், கட்டிலுக்கு இந்தப்புறம் கொஞ்சம் வெறும் கார்ப்பெட், அதைத் தாண்டித் திரை மூடிய ஜன்னல். முன்னால் வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து விரலை மடக்கித் தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருந்தார். அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் தரையில்தான் இருந்தார்கள். ஆனாலும் அவளுக்கு இடக்கைப்பக்கம், தோளை உரசுகிற தூரத்தில், ஒரு முட்டி சொடக்கு விட்டது. கனத்த துணி ஒன்று மடியிலிருந்து சரிந்து கணுக்கால்வரை இறங்கியது. தொழுகை உடை போட்ட ஒரு பொம்பளை கையை ஊன்றி எழுந்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு உதட்டுக்குள்ளேயே ஓதுகிற முணுமுணுப்பு. பிறகு ஏசியின் உறுமல் மட்டும்.

ஏசிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நாடு விட்டு நாடு வந்து, ஓட்டல் அறைக்குள் நுழைந்து இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் என்ன பயம்.

இந்தப் பயணமே அவளுக்கு ஓசியில் வந்தது. வீட்டுக்காரருக்கு பேரிங் கடை. வருஷத்தில் அதிகமாக விற்ற கடைக்காரர்களுக்குக் கம்பெனி, ஜோடியாகப் போய்வரச் சொல்லி வெளிநாட்டு டிக்கெட் கொடுத்தது. கூட்டாளியைக் கூட்டிப்போகலாமா என்று இவர் கேட்டுப் பார்த்தாராம், சம்சாரம்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மனுஷன் இதை மறைக்கவாவது செய்தாரா? சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். வேற வழியில்லை, நீயே வா என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளை எங்கேயாவது கூப்பிட்டதென்றால் அது ஒன்றுதான்.

அந்த வீட்டில் அவளுக்கு ஊமச்சி என்று பேர். மாமி வைத்த பேர், நாத்தனார்கள் பாடுபட்டு வளர்த்த பேர். பேசினால்தானே பதில் பேசுவார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள். மகள் ஒருத்திதான் வாய் நிறைய உம்மா, உம்மா என்று காலைச் சுற்றுவாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், பேச்செல்லாம் பெரிய மனுஷி மாதிரி. அவளை மாமியிடம் விட்டுவிட்டு வந்ததில்தான் இவளுக்கு உயிரே இல்லை. சீக்கிரம் சுற்றி முடித்து அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய சுற்றுலா.

அன்றைக்குச் சாயங்காலம் உயரமான கோபுரத்தின் மேலே ஏறி ஊரைப் பார்த்தார்கள். அவர் முன்னால் போனார், அவள் பின்னால் போனாள். அவர் தன்னைத்தானே படமெடுத்து, கடைக்காரர்கள் குழுவுக்கு உடனுக்குடன் அனுப்பினார். கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. அழகாகத்தான் இருந்தது. இதைப் பாருங்களேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது அவர் லிஃப்ட் பக்கம் போய்விட்டிருந்தார்.

அறைக்குத் திரும்பி, ஹலால் கடை தேடி அலைய அலுத்து, மாமி கட்டிக்கொடுத்த ரஸ்க்கையும் பழத்தையும் சாப்பிட்டு, இரவுத் தொழுகையான இஷாவுக்கு நின்றார்கள். கூரையில், தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி ஒட்டியிருந்தது. முன்னால் அவருக்கு ஒரு முசல்லா, தொழுகை விரிப்பு; பின்னால் அவளுக்கு ஒரு முசல்லா. அவர் ஓதினால் நன்றாக ஓதுவார், அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கும். தொழுகையில் மட்டும்தான் அந்தக் குரலில் கடுப்பு இருக்காது.

நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருந்தபோது இடப்பக்கம் ஒரு கை தெரிந்தது.

முசல்லாவுக்கு வெளியே, வெறும் கார்ப்பெட்டில், விரல் சேர்த்து வைத்த கை. கறுப்புச் சட்டைக் கை மணிக்கட்டுவரை மூடியிருந்தது. நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. மருதாணி நகத்தின் நுனியில் மட்டும் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் வெளிறிய புது நகம். வைத்து எத்தனை மாசமாகியிருக்கும் என்று அந்த நேரத்திலும் அவள் மனசு கணக்குப் போட்டது. தொழுகைக்குள் இருப்பவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவள் பார்க்கவில்லை. தன் மூச்சை மட்டும் கேட்டாள். இரண்டு மூச்சு கேட்டது.

நிற்பதும் குனிவதும் சஜ்தாவுமாக இரண்டு சுற்று, இரண்டு ரக்அத்து முடிந்ததும் அவர் சலாம் கொடுத்தார். பக்கத்தில் துணி சரசரத்தது, முட்டி சொடக்கு விட்டது. அது எழுந்து நின்றது.

அப்போதுதான் சின்ன வயசில் ஓதின பாடம் ஞாபகத்துக்கு வந்தது. பயணத்தில் இருப்பவருக்குச் சலுகை உண்டு, நாலு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். அவருக்குப் பின்னால் உள்ளூர்க்காரர் யாராவது நின்று தொழுதால் அந்த உள்ளூர்க்காரருக்குச் சலுகை கிடையாது. பயணி சலாம் கொடுத்ததும் அவர் எழுந்து, மீதி ரெண்டைத் தனியாகத் தொழுதுதான் முடிக்க வேண்டும்.

அப்படியென்றால் பக்கத்தில் நிற்பவள் பயணி இல்லை. இந்த அறையிலேயே இருக்கிறவள்.

 அவள் நகர்ந்துபோய் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். விமானத்தில் காது அடைத்திருக்கும் என்றார் அவர். வேறு அறை கேட்கலாம் என்றாள். ஓசியில் கொடுத்த அறைக்கு நொட்டை சொன்னால் கம்பெனிக்காரன் என்ன நினைப்பான் என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அவர் குறட்டை விட்ட பிறகு அவள் கெட்டதை விரட்டும் ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தாள். கட்டிலுக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரலும் கூடவே ஓதியது. கெட்டதாக இருந்தால் ஓடியிருக்கும். இது ஓடவில்லை. பயத்தில் அவளுக்கு ஒரு இடத்தில் நாக்குத் தடுக்கியது. அந்தக் குரல் நிறுத்தி, அவள் வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

விடிகாலையில் சுபுஹு. அது எல்லாருக்குமே இரண்டுதான், யார் பயணி, யார் உள்ளூர் என்று தெரியாது. அவள் சலாமுக்காக வலப்பக்கம் திரும்பியபோது, இடது காதில் மூச்சுப் பட்டது. பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. இடப்பக்கம் திரும்பினாள். அதுவும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. கறுப்புத் துணி போர்த்திய ஒரு பின்தலை. அவ்வளவுதான் தெரிந்தது.

மதியத்துக்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வெளியே சொல்லக் கூசுகிற முடிவுதான். மாதத்தில் சில நாள் பொம்பளைகளுக்குத் தொழுகை கிடையாது, எந்த ஆம்பளையும் அதைக் குடைந்து கேட்பதில்லை. மதியத் தொழுகையான லுஹருக்கு அவர் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததும், எனக்கு இன்றைக்குத் தொழுகை இல்லை என்றாள். பொய். அல்லா மன்னிப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலில் காலை மடக்கி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய முசல்லா காலையில் விரித்தபடியே கிடந்தது. சுருட்டி வைக்கத் தோன்றவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

அவர் கையை உயர்த்தித் தக்பீர் கட்டினார். பின்னால் முசல்லாவின் ரோமம் மெல்லப் படிந்தது. இரண்டு பாதத்தின் அளவுக்கு. பிறகு இரண்டு முட்டி. பிறகு நெற்றி வைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டில் சலாம் கொடுத்தார். எழுந்திரு, எழுந்து மீதியைத் தொழு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

எழுந்திருக்கவில்லை. பயணியைப் போல அதுவும் இரண்டோடு முடித்துக்கொண்டது.

அவர் திரும்பாமலே பின்னால் பார்த்துப் பேசினார். "துஆவுல கடையையும் சேத்துக்க."

"நான் இங்கே இருக்கேங்க" என்றாள் கட்டிலிலிருந்து. "எனக்குத் தொழுகை இல்லைன்னு சொன்னேனே."

"சொன்னியா?" என்றார் அவர். போனைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. படகுத்துறையில் மிதவைச் சட்டை கொடுக்கிறவள் அவருக்குக் கொடுத்தாள், அடுத்து நின்ற இவளை விட்டுவிட்டு இவளுக்குப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்தாள். கடைத்தெருவில் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு எல்லாருக்கும் திறந்தது. இவள் முன்னால் போய் நின்றாள். திறக்கவில்லை. கையை ஆட்டினாள். யாரோ ஒரு குழந்தை ஓடிவந்ததும் திறந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் வெகுதூரம் போயிருந்தார். கூடவே ஒருத்தி வருகிறாளா இல்லையா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் வராத ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அறைக்கு வந்து மகளைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தானே உம்மா பேசினீங்க?" என்றாள் மகள்.

எப்போது என்று கேட்டாள்.

"மத்தியானம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்க. கதைகூடச் சொன்னீங்க." குழந்தையின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "இனிமே எப்பவும் அப்படியே பேசுங்க உம்மா."

போனை வைத்துவிட்டு முசல்லாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மனுஷனைக் கொண்டுபோனால்கூடப் போகட்டும், அந்த வீட்டையும் எடுத்துக்கொள்ளட்டும், மாமியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளையை விட முடியாது. என் இடத்தை நானே விட்டுக்கொடுத்தேன், நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று தீர்மானித்தாள். சொன்ன பொய்க்காக இரவெல்லாம் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் விமானம். பெட்டிகள் கதவோரம் நின்றன. கிளம்புமுன் லுஹரை முடித்துவிடலாம் என்றார் அவர். அவள் அவருக்கு முன்பே ஒளு செய்து, முசல்லாவை உதறி விரித்து, அதன் நடுவில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. மூச்சு இல்லை, வாடை இல்லை. கண்ணில் நீர் கோத்தது. பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

அவர் குனிந்தார், குனிந்தாள். சஜ்தா செய்தார், செய்தாள். கடைசி இருப்பில் உட்கார்ந்தார்கள். அவர் சலாம் கொடுத்தார்.

அவள் வலப்பக்கம் திரும்பப் பார்த்தாள்.

கழுத்து திரும்பவில்லை.

மறுபடி முயன்றாள். கழுத்து கல்லாக இருந்தது. கை தானாகத் தரையில் ஊன்றியது. முட்டி சொடக்கு விட்டது. எழுந்தாள். வேண்டாம். எழுந்துவிட்டாள். துணி மடியிலிருந்து சரிந்து கணுக்காலைத் தொட்டது. காலுக்கடியில் முசல்லாவின் மெத்து இல்லை. வெறும் கார்ப்பெட். நாக்கு அவளைக் கேட்காமலே அல்ஹம்து ஓத ஆரம்பித்தது.

அவளுடைய முசல்லா வலப்பக்கம் இருந்தது. அதில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒருத்தி வலப்பக்கம் சலாம் சொன்னாள். பிறகு நிதானமாக இடப்பக்கம் திரும்பி, தலையை நிமிர்த்தி, நிற்கிறவளைப் பார்த்துச் சலாம் சொன்னாள். அவளுடைய முகம். அதே மச்சம், அதே தழும்பு. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

வீட்டுக்காரர் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிளம்பலாமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டு அவள் கேட்டதே இல்லை.

போன் அடித்தது. அந்த ஒருத்தி எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். உம்மா என்று மகள் கத்துவது கேட்டது. "இதோ கிளம்பிட்டேன் கண்ணு" என்றாள் அவள். அவளுடைய குரலேதான். என் பிள்ளை, அது நான் இல்லை, உம்மா இங்கே நிற்கிறேன் என்று இவள் கத்தினாள். வாயிலிருந்து வந்தது ஓதல்தான். மூன்றாம் ரக்அத்து. குனிந்தாள். நிமிர்ந்தாள். நெற்றியைத் தரையில் வைத்தாள்.

பெட்டியின் சக்கரம் உருண்டது. சாவி அட்டையை உருவினார்கள். விளக்கு அணைந்தது. ஏசி அணைந்தது. தாழ்வாரத்தில் அவர் எதற்கோ சிரித்தார். இன்னும் ஒரு ரக்அத்து, பிறகு சலாம், பிறகு ஓடிப்போய் லிஃப்டை நிறுத்திவிடலாம். எண்ணிக்கொண்டே எழுந்தாள். மூன்றாம் ரக்அத்து. குனிந்தாள். நிமிர்ந்தாள். எழுந்தாள். மூன்றாம் ரக்அத்து.

கதவு திறந்தது. அறை சுத்தம் செய்கிறவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். விரிப்பை உருவினாள், தலையணைக்குப் புது உறை மாட்டினாள், தூசு உறிஞ்சும் மெஷினைப் போட்டாள். குழாயை இழுத்து இழுத்துக் கார்ப்பெட் முழுக்கத் தேய்த்துக்கொண்டு வந்தவள், கட்டிலோரம் வந்ததும் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடத்தை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டுபோய் மறுபக்கத்தைத் தேய்த்தாள்.