கைதட்டலுக்கு ஒரு தோட்டா

“வீல்!”

முதலாளியின் மகள் போட்ட அலறலில் தகரக் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன.

ரைஃபிள் கிளப் மைதானத்தின் அந்தக் கோடி. இலக்குப் பலகைகளுக்குப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்கிற ஆள் அதன் பின்னால் நிற்பது வழக்கம்.

இப்போது நிற்கவில்லை.

மல்லாந்து கிடந்தார்.

நடு நெற்றியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. கண்கள் திறந்தே இருந்தன. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி...

கைதட்டிக்கொண்டிருக்கும்போதே செத்திருக்கிறார்!

செத்தவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஆமாஞ்சாமி’. டைல்ஸ் ஷோரூம் ஒன்றின் மேனேஜர். முதலாளி ‘இன்னிக்கு மழை வரும்’ என்றால், ‘ஆமா சார்!’ ‘வராது’ என்றால் அதற்கும், ‘ஆமா சார்!’

அந்த முதலாளிக்குப் பட்டப்பெயர் ‘புல்ஸ்ஐ’, அதாவது இலக்கின் நட்ட நடுப்புள்ளி.

அந்தப் பட்டப்பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு சுட வந்திருந்தார் புல்ஸ்ஐ. மனைவி, காலேஜில் படிக்கும் மகள், மனைவியின் தம்பி, ஆமாஞ்சாமி. வந்தது ஐந்து பேர். திரும்பப்போவது...

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கிய இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. உலகத்தில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிற நாள்.

“யார் யார் சுட்டுக்கிட்டு இருந்தீங்க?”

“நானும் என் மச்சானும் மேடம்” என்றார் புல்ஸ்ஐ. “மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுவான், இவனுக்கு எதிர்ல இருக்கிற பலகையே தெரியாது.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

“பொண்ணு?”

“அவ சுட்டு முடிச்சுட்டு மரத்தடியில போனை நோண்டிக்கிட்டு இருந்தா.”

“உங்க மனைவி?”

“அவளா!” புல்ஸ்ஐ சிரித்தார். “எங்களுக்குப் பின்னாடி, ஷெட்ல டீ போட்டுக்கிட்டு இருந்தா. துப்பாக்கியில குண்டு எந்தப் பக்கமா வரும்னே அவளுக்குத் தெரியாது மேடம்!”

மனைவி டீ கப்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கப்பையே மறுபடியும் துடைத்தாள்.

“வேற எங்கேயாவது சுடற சத்தம் கேட்டுச்சா?”

“காதுல அடைப்பு மாட்டிக்கிட்டுதான் சுடுவோம். பக்கத்துல இடி விழுந்தாக்கூட தெரியாது.”

கான்ஸ்டபிள் அந்தக் கோடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“மேடம்! இங்கேருந்து பார்த்தா சுவருக்கு மேல அந்த ஆளோட தலை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். அதுவும் இத்தனூண்டு! நடு நெத்தியில அடிச்சிருக்கான்னா சாதாரணக் கை இல்ல மேடம். எல்லாத் துப்பாக்கியும் ஒரே ரகம், எல்லாத்துலயும் இன்னிக்கு சுட்டிருக்காங்க. குண்டு உள்ளே நசுங்கியிருந்தா எதுலேருந்து வந்ததுன்னு சொல்றதே கஷ்டம்.”

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கள்ல யார் நல்லா சுடுவீங்க?”



ஒரு மனிதர் செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். புல்ஸ்ஐக்கும் அது தெரியும்.

ஆனால் முடியவில்லை!

“என்னைப் பத்தி நானே சொல்லக் கூடாது மேடம்...”

“சொல்லாதீங்க.”

“இருந்தாலும் கேட்டதால சொல்றேன். கல்யாணமான புதுசு. ஆத்தங்கரையில பிக்னிக். சோடா பாட்டிலை ஒரு பாறை மேல வெச்சானுங்க. நான் சுட்டேன். மூடி மட்டும் பறந்துச்சு மேடம். மூடி மட்டும்! பாட்டில் ஆடக்கூட இல்ல!”

“மாமா... இப்போ போய் இதெல்லாம்...” என்றான் மச்சான்.

“நீ சும்மா இருடா! இன்னொண்ணு கேளுங்க. என் பொண்ணோட ஆறாவது பொறந்த நாள். மொட்டை மாடியில பலூன் கட்டியிருந்துச்சு. சுட்டேன். பலூன் உடையல... நூல் அறுந்துச்சு! அது பாட்டுக்கு வானத்துல போயிடுச்சு. வந்தவங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டாங்க!”

“அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ ஒரு குழி என்பது தெரியாமல் புல்ஸ்ஐ உற்சாகமாக இறங்கினார்.

“போன வருஷம், கம்பெனி டூர். சுவர்ல பாதி அடிச்ச ஆணி. ஆணித் தலையில சுட்டேன்... மீதி ஆணியும் உள்ளே போயிடுச்சு! பாவம், ஆமாஞ்சாமி ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தான்.”

“சம்பளம் குடுத்தா நானும் ஒரு வாரம் சொல்வேன்” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்போ, சுவருக்கு மேல தெரியற ஒரு தலையை அடிக்கறது உங்களுக்குக் கஷ்டமா?”

“கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன் மேடம்!”

“ரொம்ப சந்தோஷம். கான்ஸ்டபிள், அந்த விலங்கை எடுங்க!”

புல்ஸ்ஐயின் முகம் வெளிறிய வேகத்தை எந்தத் துப்பாக்கிக் குண்டும் தொட்டதில்லை.

“மே... மேடம்?”

“சுடற இடத்துல நின்னது ரெண்டு பேர். ஒருத்தருக்கு பலகையே தெரியாது. இன்னொருத்தர் ஆணித் தலையில அடிக்கறவர். நான் யாரைப் பிடிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க!”

“மேடம், அதெல்லாம் சும்மா! எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் மேடம்!” குரல் கீச்சிட்டது. “சத்தியமா சொல்றேன். அந்த மூணைத் தவிர வாழ்க்கையில நான் சுட்டது எதுவுமே பட்டதில்ல. நான் எங்கேயோ பார்த்து சுடுவேன், அது எங்கேயோ போய்ப் படும்! எப்படின்னு எனக்கே தெரியாது!”

“அப்பா!”

மகள் எழுந்து நின்றிருந்தாள்.

“குருட்டு அதிர்ஷ்டமா? அப்போ மூணு மணிக்கு...?”

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார்.

“மூணு மணிக்கு என்ன?”

“என் தலை மேல டீ கப்பை வெச்சு அப்பா சுடறதா இருந்துச்சு. வீடியோ எடுத்துப் போடலாம்னு... காலையில சாப்பிடும்போது அப்பாதான் சொன்னார். ஆமாஞ்சாமி அங்கிள் ‘ஆமா சார், பிரமாதம் சார்’னு குதிச்சார். நானும் சரின்னுட்டேன்.”

“உனக்கு என்ன வயசு?”

“இருபது.”

“மூளைக்கு?”

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம். இன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல.

“யாரும் தடுக்கலையா?”

“அம்மா வேண்டாம்னு கெஞ்சினாங்க. அப்பா கேக்கல.”

“அவ கரப்பான்பூச்சிக்குக்கூட பயப்படுவா மேடம்” என்றார் புல்ஸ்ஐ. உயிர் ஊசலாடும்போதும் அதைச் சொல்ல மறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கிற பார்வை.

“சரி. சுட்டுக் காட்டுங்க. நாலு பேரும். ஆளுக்கு அஞ்சு குண்டு. கான்ஸ்டபிள், பலகையில புதுப் பேப்பர் மாட்டுங்க!”

முதலில் புல்ஸ்ஐ.

டுமீல்! மண்ணில் புழுதி பறந்தது.

டுமீல்! பலகையின் கால் சிதறியது.

டுமீல்! எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

டுமீல்! பக்கத்துப் பலகையில் ஓர் ஓட்டை.

“பார்த்தீங்களா மேடம்? பார்த்தீங்களா? எனக்கு சுடவே வராது!” சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாவதையும் சுட்டார்.

டுமீல்!

கான்ஸ்டபிள் பைனாகுலரை இறக்கினார்.

“மேடம்... நட்ட நடுவுல பட்டிருக்கு!”

“என் குண்டா?” புல்ஸ்ஐயின் முகம் மலர்ந்தது. “நடுவுலயா? பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே...”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

“ஐயோ! பட்டுடுச்சே!”

“உளறாம உட்காருங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “இதுக்குப் பேர்தான் குருட்டு அதிர்ஷ்டம். அடுத்தது யாரு?”

மகள் சுட்டாள். பேப்பரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டன. மச்சான் சுட்டான். மூன்று குண்டு பேப்பரைத் தொட்டன, இரண்டு மண்ணைத் தொட்டன.

“அம்மா, நீங்க.”

“எனக்கு டீ போடத்தாங்க தெரியும்” என்றாள் மனைவி.

“தெரிஞ்சவரைக்கும் சுடுங்க.”

கப்பைக் கீழே வைத்தாள். துப்பாக்கியைத் தப்பும் தவறுமாகப் பிடித்தாள். புல்ஸ்ஐ தலையில் அடித்துக்கொண்டார். “தோள்ல வெச்சுப் பிடி! விளக்குமாறா அது?”

ஐந்து முறை வெடித்தது. ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்டதும் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் பேப்பரைக் கொண்டுவந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் மேடம் பட்டிருக்கு. அதுவும் மேல் மூலையில. மத்த நாலும் வெளியே போயிடுச்சு.”

“நான்தான் சொன்னேனே!” என்றார் புல்ஸ்ஐ.

இன்ஸ்பெக்டர் பேப்பரைச் சூரியனுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். மூலையில் அந்த ஒற்றை ஓட்டை. அதில் சுண்டு விரலை விட்டார். தாராளமாகப் போனது. ஓரம் முழுக்கப் பூப்போலக் கிழிந்திருந்தது.

பல்வலி மறந்துபோனது.

“கான்ஸ்டபிள், வெளியே போன நாலு குண்டும் எங்கேயாவது மண்ணைக் கிளப்பினதைப் பார்த்தீங்களா?”

“இல்லையே மேடம்...”

“எப்படிப் பார்ப்பீங்க? அஞ்சும் இந்த ஒரே ஓட்டை வழியா போயிருக்கு!”

பேப்பரை மனைவியின் முன்னால் நீட்டினார்.

“சுடத் தெரியாதவங்க குண்டு நாலு பக்கமும் சிதறும்மா. உங்க வீட்டுக்காரர் காட்டினாரே, அந்த மாதிரி. தப்பாவே சுடணும்னு முடிவு பண்ணி, அதையும் அஞ்சு தடவை ஒரே இடத்துல தப்பா சுடணும்னா... அதுக்குக் கை ரொம்பப் பழகியிருக்கணும்!”

மனைவி தன் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“சொல்லிடுக்கா” என்றான். “மேடம், காலேஜ் ரைஃபிள் டீம்ல அக்காவை அடிச்சுக்க ஆளே கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்குன்னு மாமாகிட்ட சொல்லவே இல்ல.”

“என்னது?” என்றார் புல்ஸ்ஐ.

“அந்த பிக்னிக்ல எல்லாரும் இவரைக் கேலி பண்ணிக்கிட்டு இருந்தாங்க” என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. “முகம் வேர்த்து, பாவமா நின்னார். பார்க்க முடியல. காருக்குப் பின்னாடி நின்னு, இவர் சுடற அதே நேரத்துல நானும் இன்னொரு துப்பாக்கியில சுட்டேன். மூடி பறந்துச்சு. அன்னிக்கு இவர் முகத்துல வந்த சந்தோஷம் இருக்கே... அதுக்காகத்தான். ஆசையாத்தான் பண்ணினேன்.”

“அந்த ஆணி?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான்தான்.”

“அம்மா...” மகள் கிட்டே வந்தாள். “என் பர்த்டே பலூன்?”

“நான்தான்டி கண்ணு. உடைஞ்சா நீ அழுவியேன்னு நூலை அடிச்சேன்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் ஊதின காத்துல இவர் வீங்கிட்டார் மேடம். கடைசியில என் பொண்ணு தலையில கப் வெக்கறேன்னு வந்து நின்னார். இதுவரைக்கும் பட்டதெல்லாம் என் குண்டுன்னு சொன்னேன். சமையல்கட்டுல வெச்சு, காலைப் பிடிச்சு சொன்னேன். சிரிச்சார். ‘உனக்கு பொறாமை’ன்னார்.”

“அப்படி எதுவும் அவ சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையே” என்றார் புல்ஸ்ஐ.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

“சரிம்மா. புருஷன் பண்ற கூத்துக்கு அந்த ஆமாஞ்சாமி என்ன பண்ணுவார்? ஜால்ரா போட்டதுக்காக ஒருத்தரைக் கொல்லலாமா?”

அவள் நிமிர்ந்தாள்.

“நான் அவரைச் சுடவே இல்லை!”

“பின்னே?”

“அவர் பாவம் மேடம். நான் அவரைக் குறியே வெக்கல.” முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. “பொண்ணு துப்பாக்கியை ஷெட்ல வெச்சுட்டுப் போனா. ஜன்னல் வழியா இவர் முதுகு தெரிஞ்சுது. வலது தோளைக் குறி பார்த்தேன். கொல்றதுக்கு இல்ல. ஆறு மாசம் கை தூக்க முடியாம கிடந்தா போதும்னு. தம்பி சுடற நேரம் பார்த்து விசையை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து...”

“அந்த நேரம் பார்த்து?”

“அந்தக் கோடியில ஆமாஞ்சாமி தலையை நீட்டிக் கை தட்டினார். இவர் நாடகக்காரர் மாதிரி இடுப்பு வரைக்கும் குனிஞ்சு ஒரு வணக்கம் வெச்சார்! குண்டு இவர் முதுகுக்கு மேல போயிடுச்சு. நேரா... கை தட்டினவர் நெத்தியில...”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செத்த மனிதருக்காக அன்று முதலில் அழுதது அவள்தான்.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஜீப் வரைக்கும் கையை விடவில்லை. ஜீப்பிலும் கூடவே ஏறிக்கொண்டாள். மச்சான் வக்கீலுக்குப் போன் போட்டபடி பின்னாலேயே காரை எடுத்தான்.

புல்ஸ்ஐ மட்டும் மைதானத்தின் நடுவில் தனியாக நின்றார்.

மனைவி சுட்டாள். மேனேஜர் செத்தார். மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாள். அவருக்குள் என்னவோ மெல்ல மெல்ல உறைத்தது. முகம் மாறியது. கண்கள் விரிந்தன. ஜீப்பை நோக்கி ஓடி வந்தார்.

மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து கான்ஸ்டபிள் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“மேடம்! மேடம்!” புல்ஸ்ஐக்கு மூச்சு வாங்கியது. “அவ குறி தப்பவே தப்பாதுன்னு சொல்றாங்களே... அப்பேர்ப்பட்ட குண்டு என்கிட்ட தப்பிடுச்சு பார்த்தீங்களா? வர்றது எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு மேடம்! அதான் கரெக்டா குனிஞ்சிருக்கேன்! பேப்பர்காரங்க வந்தா இதை நானே சொல்லட்டுமா?”

இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“தாராளமா சொல்லுங்க சார். ஆனா நல்லா நிமிர்ந்து நின்னு சொல்லுங்க... கேக்கறவங்களுக்குக் குறி பார்க்க வசதியா இருக்கும்!”