பதில் வந்த வேகம்

ஆன்டெனா கேபிளைக் கழற்றித் தரையில் போட்ட பிறகும் மோடத்தின் பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது.

இன்ஜினியர் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். உலகத்தில் எல்லோரையும் பார்த்துச் சுழிக்கும் அதே உதடுதான். கேபிள் இருந்த இடத்தில் இப்போது டம்மி லோடை மாட்டியிருந்தார். ரேடியோ கக்குகிற சக்தியையெல்லாம் விழுங்கிச் சூடாக்கிவிடுகிற எண்ணெய் டப்பா அது. அதை மாட்டிவிட்டால் அனுப்புகிற செய்தி அறையைத் தாண்டாது, தாண்டாத செய்திக்கு யாரும் பதில் போடவும் முடியாது. ஆனால் திரையில் 'கிடைத்தது' என்று வந்திருந்தது.

இணைப்பில் அலை கசிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடையில் பற்றவைத்த இணைப்பு வேறு எப்படி இருக்கும்.

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்களின் ஹாம் ரேடியோ சங்கத்தில் தன்னைத் தவிர யாருக்கும் மூளை கிடையாது என்பது அவர் என்றோ எடுத்த முடிவு. சங்கத்தின் மலை உச்சிக் குடிசைக்கும் இந்த மாடி அறைக்கும் நடுவே கம்ப்யூட்டர் செய்திகள் வேகமாகப் போய்வர வேண்டும். அதற்கு, கையில் கிடைத்த பழைய ரேடியோவின் மைக் துளையில் ஒரு மோடத்தைச் சொருகினால் போதும் என்றது அந்தக் கூட்டம். பேச்சுக்கென்று செய்த ரேடியோ, கேட்பதை விட்டுப் பேசத் தொடங்குவதற்குள் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறிக்கும். அதற்குள் வேகமான மோடம் பாதிச் செய்தியைக் கொட்டிவிடும், தலைப்பகுதி காற்றோடு போய்விடும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியும் ஒருவருக்கும் ஏறவில்லை. கடைசியில் அவரே தேர்ந்தெடுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிக்கொள்கிற ரேடியோ, அதற்கு ஈடு கொடுக்கிற மோடம், இரண்டிலும் ஜோடி ஜோடியாக. ஒரு செட் இங்கே. இன்னொன்றை மனைவியின் தம்பி இன்று காலை மலைக்கு எடுத்துப்போனான். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். இன்ஜினியர் அவனுக்கு வைத்த பெயர் நத்தை. நாலு பேர் நடுவில் அப்படிக் கூப்பிட்டால் அவனும் சேர்ந்து சிரிப்பான், அவனுடைய அக்காதான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று திரையோரத்தில் ஓர் எண் காட்டும்படி அவரே புரோகிராம் எழுதியிருந்தார். சங்கத்தார் மூஞ்சியில் அதை நீட்ட வேண்டும் என்பது ஆசை. மத்தியானம் வந்த முதல் பதிலுக்கு முன்னூறு ஆயிற்று. நத்தை பயந்துபோய் எதையோ தப்பாக மாட்டியிருக்கிறான் என்று தனியாகச் சிரித்தார். பிறகு இருநூறு. யாரும் கைவைக்காமல் வேகம் கூடியதைச் சோதிக்கத்தான் கேபிளைக் கழற்றினார். இப்போது, கேபிளே இல்லாமல், நாற்பது.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. எண்ணெய் டப்பாவிலிருந்து சூட்டு வாடை எழுந்து, அதற்கடியில் நனைந்த கம்பளியை மூடிவைத்தது போன்ற இன்னொரு வாடையும் கலந்து வந்தது. அலமாரி மூலையில் ஒதுக்கிப் போட்ட பழைய ரேடியோ, மின்சாரமே இல்லாமல், தொண்டையைக் கனைப்பதுபோல டக்கென்றது.

"என்னங்க," கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள். "தம்பி போன் பண்ணினான். பஸ் பாதி வழியிலயே நின்னுடுச்சாம். மலைக்கு இன்னும் ஏறவே இல்லையாம்."

"அப்போ பொட்டி?"

"மடியிலதான் வெச்சிருக்கேன்னான். இன்னும் பிரிக்கக்கூட இல்லையாம். நாளைக்குப் போறேங்கிறான்."

மடியில் இருக்கிற பெட்டி பதில் போடாது. குடிசையில் இருந்த பழைய செட்டைப் போன வாரமே கழற்றிக் கொண்டுவந்தாயிற்று, மூலையில் கிடப்பது அதுதான். அவர் முதல்முறையாக நாற்காலியைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுத்தார். பயம்தான். அதைப் பயம் என்று ஒத்துக்கொள்ளத்தான் கூச்சமாக இருந்தது.

சங்கத்து விஷமம். எவனோ பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து விளையாடுகிறான். 'யார்?' என்று தட்டினார்.

எட்டு மில்லி செகண்ட். திரையில் ஒரு வரி.

'ஏன் இவ்வளவு நேரம்?'

அது அவருடைய வார்த்தை. படிக்கட்டின் மேற்படியில் நின்று மனைவியைப் பார்த்து, தொலைபேசியில் நத்தையிடம், ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்வது. அவள் ஒவ்வொரு தடவையும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

'நீ யார்' என்று மறுபடியும் தட்டப் போனார். விரல் விசையைத் தொடவில்லை. பதில் வந்துவிட்டது.

'மந்தம்.'

திரையோரத்தில் பூஜ்யம்.

ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினார். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினார். கம்ப்யூட்டரை அணைத்தார். அறை இருண்டது. பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை. கம்பளி வாடை பின்கழுத்துக்கு வந்திருந்தது. கூடவே ஒரு மூச்சின் சூடும்.

டக்.

மூலையில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால்.

அவளை மேலே வரவிடக்கூடாது. அந்த ஒன்றுதான் தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவர் பயந்தது இப்போதுதான். வராதே என்று கத்த வாயைத் திறந்தார்.

வாய் திறந்தது. குரல் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் வரும். பழைய ரேடியோவில் வருவதுபோல, கனைத்து, தயாராகி, பிறகு வரும்.

அதற்குள் அவர் தோளுக்கு மேலிருந்து அவர் குரலே பேசியது. அதே எரிச்சல். அதே இளக்காரம்.

"ஏய், மேல வா. ஏன் இவ்வளவு நேரம்?"

"இதோ வரேங்க," என்றாள் கீழே.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். அவள் என்றைக்கும் வேகமாகத்தான் ஏறுவாள், அவருக்குத்தான் அது போதாது. நடைவிளக்கு எரிந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல்.

கைப்பிடி திரும்பியது. அவர் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

"உள்ளே வா," என்றது அவர் குரல், மிக அன்பாக.