நிறைந்த இரைப்பை

சண்டைக்காரியின் இரைப்பை நிறைந்திருந்தது.

அது நிறைந்திருக்க வழியே இல்லை. கழுத்து முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்கும் பெட்டைப்புறா அது. தானியத்தைக் குறிவைத்துக் கொத்தினால் அலகு இரண்டு விரற்கடை தள்ளி வெறுந்தரையில்தான் விழும். யாராவது அலகைத் திறந்து ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு, அந்த யாராவது அவன் ஒருவன்தான். வேலை விட்டு வந்து, செருப்பு மாற்றி, முகமூடி கட்டி, ஊறவைத்த பட்டாணிக் கிண்ணத்தோடு குந்தியவன், பறவையை இடது கையில் அணைத்து நெஞ்சுக்கு மேலே தடவிப் பார்த்தான். காலையில் காலிப் பையாகத் தொங்கிய இடம் இப்போது பந்தாக உப்பியிருந்தது. வெதுவெதுப்பாக.

பக்கத்துக் கூண்டில் இருந்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் அறையை நோய்க்கூண்டாக மாற்றியிருந்தான். நல்ல புறாக்கள் மொட்டைமாடியில். பந்தயத்துக்கு ஏற்றிப்போன வண்டியில், வேறு யாருடைய புறாக்களோடோ ஒரே கூடையில் அடைத்ததில் வந்த சனியன் இந்தக் கழுத்துத் திருகல். முதலில் பச்சைக் கழிச்சல், அப்புறம் தலை சாயும், அப்புறம் கழுத்து கயிறாக முறுக்கும். வந்ததைக் காப்பாற்றுவதைவிட வராததைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதற்கு அவன் சட்டம் போட்டிருந்தான். முதலில் மாடி, கடைசியில்தான் நோய்க்கூண்டு. இரண்டுக்கும் வேறு வேறு செருப்பு, வேறு வேறு தண்ணீர்க் குவளை. நோய்க்கூண்டிலிருந்து யாரும் நேரே மாடிக்குப் போகக்கூடாது. யாரும் என்றால் அவன்தான். அறைக்குப் பூட்டு. சாவி அவன் சட்டைப்பையில்.

மச்சினனுக்குப் போன் போட்டான். பந்தயப் புறாக்களை ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவன் அவன்.

"நீதானே வந்துட்டுப் போன?"

"எங்க மாமா?"

"நோய்க்கூண்டுக்கு. யாரோ ஊட்டியிருக்காங்க."

"நான் ஊரு தாண்டி நிக்கிறேன், வண்டி நிறைய கூடை. எனக்கே ஊட்ட ஆளில்ல, நான் உங்க புறாவுக்கு ஊட்டுறேனாக்கும்."

"வெளையாடாத. பூட்டின ரூம்."

"சாவி உங்க பாக்கெட்ல. தூங்குறப்பகூட அங்கதான் இருக்கும். புறா சாப்பிட்டிருக்குன்னு சந்தோஷப்படாம விசாரணை கமிஷன் வெக்கிறீங்க. அக்கா இருந்திருந்தா..."

அவன் போனை வைத்துவிட்டான். பட்டாணியைத் தண்ணீரோடு கொட்டினான். கை கழுவும்போதும் உள்ளங்கையில் அந்த வெதுவெதுப்பு போகவில்லை.

மறுநாள் சண்டைக்காரியை அட்டைப்பெட்டியில் வைத்து மருத்துவரிடம் தூக்கிப்போனான். அந்த அம்மாவுக்குப் பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது.

"மருந்து இல்லாத நோய்ங்க இது. மாடியில இருக்கிறதுக்குத் தடுப்பூசி போட்டாச்சு. அது உடம்புல ஏறுற வரைக்கும் இதுங்க எச்சில் அங்க போகக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்."

"அதைத்தான் செய்யறேன்."

அவள் மெல்லிய குழாயை அலகு வழியாக விட்டு, இரைப்பையில் இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சித் தட்டில் விட்டாள். சாம்பல் நிறக் கூழ். புளித்த மாவும் தூங்கி எழுந்த வாயும் கலந்த வாடை. விளக்கடியில் நகர்த்திப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"யாரு மென்னு குடுத்தது?"

"யாரும் இல்ல. மிக்ஸியில..."

"மிக்ஸியில அரைச்சா இப்படி வராது. பல்லு பட்டிருக்கு. ஏற்கெனவே உங்க வீட்டுல ஒரு உசிரு போயிருக்கு சார். புத்தி வேணாமா?"

அவன் பெட்டியை மூடினான்.

உயிரோடு இருந்தவரை அப்படி மென்று கொடுத்தவள் அவன் மனைவி. புறா வளர்க்கிறவர்களில் பழைய ஆட்கள் செய்வதுதான். தானியத்தை மென்று கூழாக்கி, தாய் தீண்டாத குஞ்சின் அலகை உதட்டுக்குள் வாங்கிக்கொள்வார்கள். தாயின் தொண்டை என்று நினைத்துக் குஞ்சு உறிஞ்சும். அவன் புத்தகம் படித்தவன். தொற்று, எச்சில், நுரையீரல் என்று தலையால் அடித்துக்கொண்டான். செவிடன் காதில் ஊதிய சங்கு. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் முதலில் நோய்ப் புறாவிடம்தான் போவாள். "படுத்துக் கெடக்கிறவங்களக் காக்க வெச்சுட்டு, நல்லாருக்கிறவங்களுக்குப் பந்தி போடுவாங்களா?" அங்கிருந்து நேரே மாடி. அதற்காகவே அவர்கள் அத்தனை சண்டை போட்டார்கள். போன மழைக்காலத்தில் நுரையீரல் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், பறவைக்கு வாயால் ஊட்டுவாங்களா என்று. ஆமாம் என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் சண்டை போடவில்லை. போட ஆளில்லை.

அன்று மாலை நோய்க்கூண்டின் வாசலிலும் முற்றத்திலும் மாடிப்படி அடியிலும் சுண்ணாம்புத் தூளைச் சலித்துத் தூவினான். கிருமிக்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பூட்டை இழுத்துப் பார்த்தான். மாடியில் எல்லாம் சரியாக இருந்தது. இறகு உலர்ந்து, கண் தெளிந்து, மூக்குத்தோல் வெள்ளையாக, நெஞ்சை நிமிர்த்திப் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. இவற்றையாவது. இவற்றை மட்டுமாவது.

காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது. தூளில் கால்தடம்.

வெறுங்கால். சிறியது. நோய்க்கூண்டுக்குள் போன தடம் ஒன்றுகூட இல்லை, வெளியே வந்த தடம்தான். கதவுக்கு இந்தப் பக்கம் தொடங்கி, முற்றத்தைக் கடந்து, நிதானமாக, அவசரமே இல்லாமல், மாடிப்படி ஏறியிருந்தது. சிமெண்டுப் படிகளில் வெள்ளையாக அந்த விரல்கள், மேலே போகப் போக மங்கி.

அவன் தடத்தை மிதிக்காமல் சுவரோடு ஒட்டி ஏறினான். எல்லா இரைப்பையும் நிறைந்திருந்தது. பந்தயத்தில் முதலாவதாக வந்த ஆண்புறாவின் தலை லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது, யாரோ பேசுவதைக் கூர்ந்து கேட்பதுபோல.

அடிவயிற்றிலிருந்து வந்தது கோபம். எத்தனை மாதம் பூட்டி வைத்த கோபம்.

"எத்தனை தடவ சொல்றது உனக்கு?" கூண்டின் கம்பியில் அறைந்தான். "மொதல்ல மாடி, அப்புறந்தான் கீழ! செத்தும் திருந்த மாட்டியா?"

முனகல் நின்றது. எல்லாப் புறாக்களும் ஒரே சமயத்தில் அலகைத் திறந்தன. வளர்ந்த பறவைகள், காடு மலை தாண்டி வந்த பறவைகள், இறக்கையை நடுக்கிக்கொண்டு, கண் திறக்காத குஞ்சு பசிக்குக் கத்துமே அந்த மெல்லிய கீச்சுக் குரலில் கத்தின. அவனைப் பார்த்தல்ல. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து.

அவன் திரும்பவில்லை. படியை நோக்கிப் பின்னோக்கியே நகர்ந்தான். அப்போதும் முதுகில் எதுவும் இடிக்கவில்லை. புளித்த மாவின் வாடை மட்டும் கழுத்தருகே வந்து போனது.

மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னான். எல்லாப் புறாக்களையும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது என்று. சாயங்காலம் வருவதாகச் சொன்னாள். பிறகு மச்சினனைக் கூப்பிட்டான்.

"எல்லாத்தையுமா மாமா?"

"எல்லாத்தையும். இல்லன்னா ஊர்ல இருக்கிற அத்தனை கூண்டுக்கும் போகும்."

"அக்கா வளத்தது. அவ ஞாபகம்னு வேற என்ன இருக்கு நமக்கு?"

"உங்கக்காதான் பரப்புறா."

தான் சொன்னதைத் தானே கேட்டான். மறுமுனையில் வண்டி என்ஜின் மட்டும் ஓடியது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் வா. முகமூடி இல்லாம உள்ள வராத."

மதியத்துக்கு மேல் இருமல் பிடித்தது. எலும்புக்குள் குளிர். முன்கதவைத் தாழிட்டுவிட்டுக் கூடத்துக் கட்டிலில் சாய்ந்தான். காலையிலிருந்து வாயில் ஒன்றும் போடவில்லை. தண்ணீர் எடுக்க எழ நினைத்தான், உடம்பு கேட்கவில்லை. சன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகி, சுவரில் ஏறிக்கொண்டே போனது. பின்பக்கம் குழாய் சொட்டும் சத்தம், மாடியில் நகங்கள் பலகையில் உரசும் சத்தம், அதற்கு அடியில், வெகு மெதுவாக, வேறொரு சத்தம்.

யாரோ மெல்லுகிறார்கள்.

காய்ந்த பட்டாணி பல்லுக்கிடையில் உடைகிறது. நிற்கிறது. மறுபடி உடைகிறது. துவைக்கும் அறையில். பிறகு முற்றத்தில். பிறகு சமையலறை வாசலில்.

தலையைத் திருப்பிப் பார்க்க முயன்றான். தலை திரும்பியது. வேண்டிய பக்கம் அல்ல. மோவாய் மேலே ஏறியது. இன்னும் ஏறியது. கழுத்து நரம்புகள் கயிறாக முறுக்கின. இப்போது கூரை மட்டும்தான் தெரிந்தது. கூரையும், ஒரு சிலந்திக்கூடும்.

வெறுங்கால் ஓசை. நிதானமாக.

கட்டிலின் விளிம்பு தாழ்ந்தது.

முன்கதவு தட்டப்பட்டது. "மாமா! தொறங்க. டாக்டரம்மா பின்னாடி வந்துட்டிருக்காங்க."

போ என்று கத்த வேண்டும். உள்ளே வராதே. ஓடு. வாயைத் திறக்க நினைத்தான். அதற்குள் கன்னத்தின் இரண்டு ஓரத்திலும் விரல்கள். கட்டைவிரல் ஒருபக்கம், ஆள்காட்டி மறுபக்கம். பழகிய பிடி. வலிக்கவில்லை. தாடை தானாகத் திறந்தது.

"மாமா? உள்ளதான இருக்கீங்க?"

வெதுவெதுப்பான கூழ் இறங்கியது. நாக்கைத் தாண்டி. தொண்டையைத் தாண்டி. நிறைய. இன்னும் நிறைய. அவன் விழுங்கினான். விழுங்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் நடுங்கத் தொடங்கின.

விரல்கள் விலகின. கட்டில் விளிம்பு உயர்ந்தது.

தட்டும் சத்தம் நின்றிருந்தது. காலடிகள் வாசலை நோக்கிப் போயின. கத்த முயன்றான். வாய் நிறையக் கூழ். தாழ்ப்பாள் உள்பக்கமிருந்து மெல்ல விலகியது.

"என்ன மாமா, எவ்வளவு நேர..."

மச்சினனின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. பிறகு வாசலிலிருந்து, அவ்வளவு பெரிய ஆளின் தொண்டையிலிருந்து, கண் திறக்காத குஞ்சின் கீச்சுக் குரல்.