கோஸ்டரின் காலுக்கடியில்

எங்கள் ரோலர் கோஸ்டருக்குச் சொந்த ஊர் கிடையாது. திருவிழாவுக்குத் திருவிழா லாரியில் ஏறிப் போகும். போன இடத்தில் பத்து மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும். பள்ளம் தோண்டிக் கான்கிரீட் போட எங்கே நேரம்? தரையில் மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் இரும்புக் கால்களை நிறுத்துவோம். கேட்டால் உங்களுக்குப் பயமாக இருக்கும். எனக்கு வருடக்கணக்காகப் பயம்தான். அதனால்தான் அது இன்னும் விழவில்லை.

வேசர் ஆற்றங்கரை ஊரில் அன்று மாலை திருவிழா தொடக்கம். காலையிலேயே சோதனைப் பொறியாளர் க்ரோகர் அம்மா வந்துவிட்டார். கோஸ்டர் ரயிலின் பெட்டிகளில் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். பெரிய இறக்கம் முடிந்து ரயில் மேலே திரும்புகிற இடத்தில், கீழே ஒரு கால் முனகியது.

அவர் மட்டம் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு விரல் அளவு இறங்கியிருக்கு. இங்க மண்ணு இளகல். ரயில் பாரம் இந்த இடத்துலதான் பல மடங்கா அழுத்தும். மெத்தையில விரலால குத்தினா உள்ள போகும், உள்ளங்கையை வச்சா போகாதில்ல? அந்த மாதிரி இந்தக் காலுக்கடியில அகலமா கட்டை போடுங்க. மத்தியானத்துக்குள்ள போட்டா கையெழுத்து. இல்லேன்னா இன்னிக்கு ஓடாது."

தொடக்க நாளில் ஓடாத ஆட்டத்துக்கு அடுத்த வருடம் இந்தத் திருவிழாவில் இடம் கிடைக்காது. அதுதான் இங்கே வழக்கம்.

"இருக்கிற கட்டையெல்லாம் மத்த காலுக்குப் போட்டாச்சே!" என்று முதலாளி டெட்லெஃப் தலையில் கை வைத்தார். அன்று அரசு விடுமுறை. ஒரு மரக்கடையும் திறந்திருக்கவில்லை.

அவர் மகள் மாரெய்கேவுக்குப் பத்து வயது. "அப்பா, ஹார்ம் மாமா லாரியில நீளமான கட்டை நிறைய சும்மா கிடக்கே," என்றாள்.

பக்கத்தில் குடைராட்டினம் போட்டிருப்பவர்தான் ஹார்ம். இந்த வருடம் எங்கள் கோஸ்டர் வந்ததால், அவருடைய இடத்தில் பாதியை வெட்டி எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் திருவிழா நடத்துபவர்கள். அந்தப் பாதிக்குப் போட வேண்டிய கட்டைகள்தான் லாரியில் சும்மா கிடந்தன.

"அவன்கிட்ட போய் நிக்கிறதுக்கு, இதைப் பிரிச்சு லாரியில ஏத்திடலாம்," என்றார் டெட்லெஃப்.

"கொடுத்தாலும் புழு அரிச்சதாப் பார்த்துக் கொடுப்பாரு," என்றேன் நான்.

திரும்பிப் பார்த்தால் மாரெய்கேவைக் காணோம். ஹார்மிடம்தான் போயிருப்பாள் என்று நானும் பின்னாலேயே போனேன். ஹார்ம் ராட்டினத்தில் இருந்த ஒரு மர அன்னத்தின் கழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொய்ன், மாமா!" என்று வணக்கம் சொன்னாள்.

"என்ன, மிச்சப் பாதியையும் வாங்கிட்டு வரச் சொன்னானா உங்கப்பன்?"

"அப்பா அனுப்பல. எங்க கால் ஒண்ணு இறங்கிடுச்சு. உங்க கட்டை வேணும்."

"என் இடத்தைத் தின்னது செரிக்கலையா? ரொம்ப நல்லது!"

மாரெய்கே போகவில்லை. அப்படியும் இப்படியுமாகப் பார்த்தாள்.

"மாமா, நீங்க எங்க கோஸ்டருக்குப் பின்னாடி மறைஞ்சே போயிட்டீங்க. உங்களைத் தேடி ஆளுங்க எப்படி வருவாங்க?"

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? வந்த நாள்லேருந்து அதைத்தானே கத்துறேன்!"

"எங்க படிக்கட்டு, அதான் எல்லாரும் இறங்குறது, அந்தப் பக்கம் பார்த்து இருக்கு. அது தனியா கழட்டி மாட்டுறதுதான். இந்தப் பக்கம் திருப்பிட்டா, இறங்குறவங்க எல்லாம் உங்க அன்னத்துக்கு முன்னாடிதான் வந்து நிப்பாங்க. குட்டிப் பசங்களைக் கோஸ்டர்ல ஏத்த மாட்டோம். அவங்க இங்க சுத்தலாம்ல?"

ஹார்மின் கை நின்றது. "கட்டை குடுத்தாத்தானே திருப்புவீங்க?"

"குடுக்கலேன்னாலும் திருப்பணும் மாமா. நாங்கதானே மறைச்சோம்."

ஹார்ம் என்னைப் பார்த்தார். "யோவ், இவ டெட்லெஃப் பொண்ணுதானா? ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

துணியை வீசிவிட்டு லாரிக் கதவைத் திறந்தார்.

எல்லாம் தடித்த ஓக் மரக் கட்டைகள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். புழு இல்லை. ஹார்ம் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜாக்கி வைத்து மெல்லக் காலைத் தூக்கினோம். பழைய அடுக்கை எடுத்துவிட்டு, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாகப் பரப்பிக் காலை இறக்கினோம். ஹார்மே மண்டியிட்டு ஆப்புகளை அடித்தார்.

"அப்பா, படிக்கட்டைத் திருப்புறதா சொல்லிட்டேன்," என்றாள் மாரெய்கே.

டெட்லெஃப் ஹார்மின் சேறு படிந்த முழங்காலைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

மறுபடி மணல் மூட்டைகள் ஓடின. முனகல் இல்லை. மட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது. க்ரோகர் அம்மா புதிய படிக்கட்டிலும் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் ஊரே வந்தது. மேலே கத்தியவர்கள் கால் தள்ளாடக் கீழே இறங்கி, நேராக அன்னங்களின் முன்னால் வந்து நின்றார்கள். குட்டிப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள்.

டெட்லெஃப் ஹார்மிடம் போனார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"என்னய்யா, மீன் மாதிரி?" என்றார் ஹார்ம்.

டெட்லெஃப் குட்டிகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். முறை வந்ததும் ஒரு அன்னத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, முழங்கால் தாடையில் இடிக்க இடிக்க, எல்லோரும் பார்க்க, முழுதாகச் சுற்றி வந்தார்.

ஹார்ம் ராட்டினத்தை நிறுத்தவில்லை. மணியடித்து, அவருக்காக இன்னொரு சுற்றும் விட்டார்.